காசில்வேனியா (1986 நிகழ்பட ஆட்டம்)

காசில்வேனியா என்பது சப்பானிய நிறுவனமான கொனாமி உருவாக்கி 1986 ஆம் ஆண்டில் வெளியிட்ட நிகழ்பட ஆட்டம் ஆகும். நிண்டெண்டோவின் பேமிகாம் இயந்திரத்துடன் இணைக்கப்படும் வட்டு இயக்கிக்காக இது 1986 செப்டம்பர் 26 அன்று சப்பானில் வெளியானது. அங்கு இதன் பெயர் அகுமாசோ டிராகுலா. அகுமாசோ என்னும் சப்பானியச் சொல்லைப் பேய்க்கோட்டை எனத் தமிழில் கூறலாம். வட அமெரிக்காவில் 1987 மே மாதத்திலும் ஐரோப்பாவில் 1988 இலும் கேசட்டு வடிவில் வெளியானபோது காசில்வேனியா என்னும் பெயரைப் பெற்றது. கோட்டையைக் குறிக்கும் காசில் என்னும் ஆங்கிலச் சொல்லும் டிராகுலாவின் ஊராகக் கதைகளில் வரும் டிரான்சில்வேனியாவும் இணைந்து உருவான பெயர் இது.

தளத்துக்குத் தளம் தாவிச் சென்று எதிரிகளைத் தாக்கும் வகையைச் சேர்ந்த இவ்வாட்டம், கோதிக்கு எனப்படும் இருண்ட சூழலை அவ்வகைக்குள் கொண்டுவந்த தொடக்ககால ஆட்டங்களுள் ஒன்றாகும். இதனைத் தொடர்ந்து வந்த ஆட்டங்கள் பல பத்தாண்டுகள் நீண்ட ஒரு வரிசையாக வளர்ந்தன.

பின்னணி

கோதிக்கு என்பது முதலில் ஐரோப்பிய இடைக்காலக் கட்டடக் கலையின் ஒரு பாணியைக் குறித்தது. கூரிய வளைவுகள், உயர்ந்த கோபுரங்கள், வண்ணக் கண்ணாடிச் சாளரங்கள் ஆகியன அதன் அடையாளங்கள். இங்கிலாந்தின் ஓரசு வால்போல் 1764 இல் வெளியிட்ட ஒற்றாண்டோ கோட்டை பற்றிய புதினத்துக்குப் பின்னர், பாழடைந்த கோட்டை, பழம்பழி, இறந்தும் அடங்காத உயிர் ஆகியவற்றைக் கொண்ட கதைகளும் இப்பெயரால் அழைக்கப்பட்டன. அயர்லாந்தைச் சேர்ந்த பிராம் இசுட்டோக்கர் 1897 இல் வெளியிட்ட டிராகுலா புதினம் இம்மரபில் வந்ததே.

குருதி குடிக்கும் இவ்வகைப் பாத்திரங்களைத் தமிழில் இரத்தக் காட்டேரி என அழைப்பது வழக்கம். ஆயினும் இச்சொல் ஓரளவுக்கே பொருந்தும். காட்டேரி தமிழ்நாட்டின் பல ஊர்களில் அஞ்சப்படும் ஆவி மட்டுமன்று. பொங்கலிட்டு வழிபடப்படும் தெய்வமும் ஆகும். கோட்டைக்குள் பகலில் உறங்கி இரவில் எழும் ஐரோப்பியப் பிரபுவுக்கும் ஊர் எல்லையில் நிற்கும் அம்மனுக்கும் பொதுவானவை மிகச் சிலவே.

இவ்வாட்டம் புதினத்தைக் காட்டிலும் திரைப்படங்களுக்கே கூடுதலாகக் கடன்பட்டுள்ளது. அதன் முகப்புத் திரையின் ஓரங்களில் படச்சுருளின் துளைகள் வரையப்பட்டிருப்பதைக் காணலாம். ஆட்டம் முழுவதும் ஒரு பழைய திகில் படமாகக் கருதப்பட வேண்டும் என்பதே இதன் குறிப்பு.

கதை

கதை மிகவும் சுருக்கமானது. நூறாண்டுகளுக்கு ஒருமுறை டிராகுலா உயிர்த்தெழுகிறான். 1691 ஆம் ஆண்டில் அவன் மீண்டும் எழ, அவனை எதிர்க்கும் பெல்மாண்ட் குடும்பத்தில் வந்த சைமன் பெல்மாண்ட் என்னும் வீரன் தன் முன்னோரின் சாட்டையை ஏந்தித் தனியே கோட்டைக்குள் நுழைகிறான். ஆட்டத்துக்குள் உரையாடல் ஏதும் இல்லை. தொடக்கத்தில் கோட்டையின் வெளிவாயிலை நோக்கிச் சைமன் நடந்து செல்லும் காட்சியும், இடையிடையே தோன்றும் கோட்டை வரைபடமுமே கதையைச் சொல்கின்றன. வரைபடத்தில் சைமன் இருக்கும் இடமும், உச்சியில் உள்ள டிராகுலாவின் கோபுரமும் தெரிவதால், கடந்த தொலைவையும் எஞ்சிய தொலைவையும் ஆட்டக்காரர் ஒரே பார்வையில் அறிந்துகொள்கிறார்.

ஆடும் முறை

ஆட்டத்தில் 18 நிலைகள் உள்ளன. இவை மூன்று மூன்றாகச் சேர்ந்து ஆறு பகுதிகளாகின்றன. ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் வலிமை மிக்க ஓர் எதிரி காத்திருக்கும். பெரிய வௌவால், பாம்புக் கூந்தல் கொண்ட மெதூசா, இரு மம்மிகள், பிராங்கென்சுடைனின் உருவும் அதன் துணையான கூனனும், அரிவாள் ஏந்திய சாவு, இறுதியாக டிராகுலா என்பது அவற்றின் வரிசை.

சைமனின் முதன்மை ஆயுதம் சாட்டை. தொடக்கத்தில் குட்டையான தோல் சாட்டையாக இருப்பது, இருமுறை மேம்படுத்தப்பட்டபின் நீண்ட சங்கிலியாகிறது. சுவர்களில் எரியும் மெழுகுவர்த்திகளை அடித்தால் பொருள்கள் விழும். இவற்றுள் இதய வடிவப் பொருள்கள் புதிதாக ஆடுவோரை ஏமாற்றக் கூடியவை. பிற ஆட்டங்களைப் போல இவை உயிராற்றலைக் கூட்டுவதில்லை. துணை ஆயுதங்களை எறிவதற்கான இருப்பாகவே பயன்படுகின்றன. உயிராற்றலைக் கூட்டுவது, சுவரை உடைத்தால் கிடைக்கும் வறுத்த இறைச்சி ஆகும். நூற்றாண்டுகள் பழமையான சுவருக்குள் அது எவ்வாறு கெடாமல் இருந்தது என்பது இவ்வாட்டத்தின் இரசிகர்களிடையே இன்றும் நகைச்சுவைப் பொருளாக உள்ளது.

துணை ஆயுதங்கள் ஐந்து. குத்துவாள் நேராகப் பாயும். கோடாரி வளைந்து மேலெழுந்து விழும். சிலுவை சென்று திரும்பி வரும். புனித நீர் தரையில் விழுந்து தீயாக எரியும். கடிகாரம் ஐந்து இதயங்களைச் செலவிட்டுச் சிறிது நேரம் எதிரிகளை உறையச் செய்யும். ஒரே நேரத்தில் ஓர் ஆயுதத்தை மட்டுமே வைத்திருக்க முடியும். தவறுதலாக வேறொன்றை எடுத்துவிட்டால் கையிலிருந்தது போய்விடும். ஆகவே ஒரு மெழுகுவர்த்தியை அடிக்காமல் விடுவதும் இவ்வாட்டத்தில் ஓர் உத்தியாகிறது.

இவ்வாட்டத்தின் தனித்தன்மை சைமன் நகரும் விதத்தில் உள்ளது. ஓராண்டு முன்னர் வெளியான சூப்பர் மாரியோ பிரதர்சில், குதித்த பின்னரும் காற்றில் திசையை மாற்றிக்கொள்ளலாம். சைமனுக்கு அது இயலாது. முன்னோக்கிக் குதித்தால் குறிப்பிட்ட தொலைவைக் கடந்தே தரையிறங்குவான். சாட்டையும் விசையை அழுத்திய உடனே நீள்வதில்லை. கையைப் பின்னுக்கு எடுத்துச் சுழற்றும் கணநேரம் அதற்குத் தேவை. படிக்கட்டுகளில் ஏறும்போது குதிக்க இயலாது. எதிரி மீது மோதினால் சைமன் பின்னோக்கித் தூக்கி எறியப்படுவான். பின்னால் பள்ளம் இருந்தால் எவ்வளவு உயிராற்றல் மிஞ்சியிருந்தாலும் உயிர் போய்விடும்.

இவற்றைக் குறைகள் எனக் கருதுவோர் உளர். ஆனால் கோட்டையின் அமைப்பைக் கூர்ந்து பார்த்தால், எதிரிகள் வைக்கப்பட்டுள்ள இடங்களும் அவற்றின் நகர்வும் இக்கட்டுப்பாடுகளை அறிந்தே திட்டமிடப்பட்டுள்ளன என்பது புலப்படும். அலைபோல மேலும் கீழுமாகப் பறந்து வரும் மெதூசாத் தலைகள் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. தனியே பார்த்தால் ஒரே அடியில் வீழும் எளிய எதிரி அது. ஆனால் அதன் அலைப்பாதை சைமனின் மாறாத குதிப்புப் பாதையை எங்கே வெட்டும் என்பதை ஆட்டக்காரர் முன்கூட்டியே கணிக்க வேண்டியுள்ளது. கைவேகம் இங்கு இரண்டாவதாகவே உதவுகிறது. நோக்கி, நின்று, பின்னர் குதிப்பதே வழி.

இக்கணிப்பின் உச்சம் 15 ஆம் நிலையில், சாவுடன் மோதுவதற்கு முன்னுள்ள நடைகூடம் ஆகும். அங்கு கோடாரி எறியும் கவச வீரர்கள் வழியை மறிக்க, அதே நேரத்தில் மெதூசாத் தலைகளும் இடைவிடாது வருகின்றன. ஆட்டத்தின் தொடக்க நிலைகளில் ஒரு மோதலுக்கு உயிராற்றலில் 16 இல் 2 அலகுகளே குறையும். இறுதிப் பகுதிகளில் ஒவ்வொரு மோதலும் 4 அலகுகளை எடுத்துக்கொள்வதால் நான்கே அடிகளில் சைமன் இறந்துவிடுவான். உயிர் போனால் சங்கிலி மீண்டும் குட்டைச் சாட்டையாகிவிடும். துணை ஆயுதமும் சேர்த்த இதயங்களும் போய்விடும். அதாவது தோற்றவர் முன்னைவிட வலுக்குறைந்த நிலையிலேயே அதே இடத்தை மீண்டும் கடக்க வேண்டும். ஆட்டத்தின் பிற கடினங்களை நியாயமானவை எனக் கொண்டாலும், இந்த ஓர் ஏற்பாட்டை அவ்வாறு கொள்வது எளிதன்று. புனித நீரைக் கையில் வைத்துக்கொண்டு, ஓரிழப்புமின்றிக் கூடத்தைக் கடந்தவர், சாவை அதன் தீயிலேயே அசையாமல் நிறுத்தி வென்றுவிடலாம். அதனை இழந்து வந்தவருக்கோ எல்லாத் திசைகளிலும் பறக்கும் அரிவாள்களுக்கிடையே நிற்பதே பெரும்பாடு.

இறுதியில் டிராகுலாவின் தலையை மட்டுமே தாக்க முடியும். அவன் வீழ்ந்ததும் பெரிய விலங்குரு ஒன்றாக மாறி இரண்டாம் முறை போரிடுகிறான். வென்றபின் கோட்டை இடிந்து விழும் காட்சி வருகிறது. அதன்பின் ஆட்டம் முதலிலிருந்து, மேலும் கடினமாக, மீண்டும் தொடங்கும்.

உருவாக்கியவர்களும் மறைந்த பெயர்களும்

இவ்வாட்டத்தை இயக்கியவர் இட்டோசி அகமாட்சு. இவரே தொடர்ந்து வந்த இரண்டாம், மூன்றாம் ஆட்டங்களையும் இயக்கினார். இசையமைத்தவர்கள் கினுயோ யமாசிட்டா, சாட்டோயே தெராசிமா ஆகிய இரு பெண்கள். ஆனால் ஆட்டத்தை இறுதிவரை ஆடி முடித்தவர்களுக்குக்கூட இப்பெயர்கள் தெரிய வழியில்லை.

1980களில் சப்பானிய நிறுவனங்கள் பலவும் தம் பணியாளர்களின் உண்மைப் பெயர்களை ஆட்டங்களில் வெளியிடவில்லை. திறமையானவர்களைப் போட்டி நிறுவனங்கள் அழைத்துக்கொள்ளும் என்ற அச்சம் இதற்குக் காரணமாகக் கூறப்படுகிறது. காசில்வேனியாவின் முடிவில் ஓடும் பெயர்ப்பட்டியலில் உள்ளவை பெரும்பாலும் திகில் படக் கலைஞர்களின் பெயர்களைச் சற்றே திரித்து உருவாக்கிய வேடிக்கைப் பெயர்கள். இயக்குநராகக் காட்டப்படும் டிரான்சு பிசர்சு, 1958 ஆம் ஆண்டு டிராகுலா படத்தை இயக்கிய டெரன்சு பிசரைக் குறிக்கும். டிராகுலாவாக நடித்தவர் கிறித்தோபர் பீ என்று வருகிறது. அப்படத்தில் டிராகுலாவாக நடித்தவர் கிறித்தோபர் லீ. சாவின் வேடத்துக்கு பெலோ லுகோசி என்று உள்ளது. பெலா லுகோசி 1931 ஆம் ஆண்டு டிராகுலா படத்தின் நாயகர். வௌவாலுக்கு உரிய மிக்சு செரெக்சு என்பது 1922 இல் வெளியான நொசுபெராட்டு படத்தில் நடித்த மாக்சு செரெக்கின் பெயரைத் தழுவியது. மெதூசாவுக்கு உரிய பார்பர் செரி, 1964 இல் வந்த தி கார்கன் படத்தில் நடித்த பார்பரா செல்லியை நினைவூட்டுகிறது. அப்படமும் பாம்புக் கூந்தல் பெண்ணைப் பற்றியதே என்பதால், பட்டியலை எழுதியவருக்குப் பழைய படங்களில் நல்ல தேர்ச்சி இருந்தது தெரிகிறது.

இசைக்கு உரியவராக வரும் பெயர் சேம்சு பனானா. 1958 ஆம் ஆண்டுப் படத்தின் இசையமைப்பாளர் சேம்சு பெர்னார்டின் பெயரை வைத்துச் செய்த சொல்விளையாட்டு இது. யமாசிட்டா கொனாமியில் சேர்ந்து ஆற்றிய முதல் பணிகளுள் இவ்வாட்டமும் ஒன்று. வேடிக்கை ஒருபுறம் இருக்க, உலகெங்கும் இலட்சக்கணக்கானோர் முணுமுணுத்த மெட்டுகளை இயற்றிய இரு பெண்களின் இடத்தில் இல்லாத ஓர் ஆணின் பெயர் நின்றது. அவர்களின் உண்மைப் பெயர்கள் பரவலாக அறியப்பட நெடுங்காலம் ஆனது.

இசை

பேமிகாமின் ஒலிப்பகுதியில் ஐந்து தடங்கள் உண்டு. இரண்டு சதுர அலைகள், ஒரு முக்கோண அலை, ஓர் இரைச்சல் தடம், பதிவு செய்த ஒலித்துணுக்குகளுக்கான ஒரு தடம் என்பன அவை. முதல் பகுதியில் ஒலிக்கும் இசையின் பெயர் வாம்பயர் கில்லர். இதில் சதுர அலைகள் மெட்டையும் அதற்கு ஈடான துணைமெட்டையும் வாசிக்க, முக்கோண அலை அடித்தளச் சுரங்களைத் தாங்குகிறது. இரைச்சல் தடம் தாளக்கருவியாகிறது. திகில் படங்களில் வழக்கமான மெதுவான, அச்சமூட்டும் இசைக்கு மாறாக விரைவான நடையில் அமைந்திருப்பது இதன் சிறப்பு. பின்னர் வந்த காசில்வேனியா ஆட்டங்கள் பலவற்றில் இம்மெட்டு புதிய வடிவங்களில் மீண்டும் பயன்படுத்தப்பட்டது.

பதிப்புகள்

சப்பானிய வட்டுப் பதிப்பில் ஆட்டத்தின் முன்னேற்றத்தைச் சேமித்து வைக்கலாம். அமெரிக்கக் கேசட்டில் அவ்வசதி இல்லை. உயிர்கள் அனைத்தும் தீர்ந்தாலும் அப்பகுதியின் தொடக்கத்திலிருந்து எத்தனை முறை வேண்டுமானாலும் தொடரலாம். மின்சாரத்தை நிறுத்தினால் எல்லாம் போய்விடும். சப்பானில் இவ்வாட்டம் கேசட்டாக வெளிவந்தது 1993 இல்தான். அதில் எளிய முறை ஒன்றும் சேர்க்கப்பட்டது. இவ்வாட்டத்துடன் ஒட்டி 1986 அக்டோபரில் எம்எசுஎக்சு2 கணினிக்கு வந்த ஆட்டம், அதே நாயகனையும் கோட்டையையும் கொண்டிருந்தாலும், சாவிகளைத் தேடிக் கதவுகளைத் திறக்கும் வேறொரு முறையைக் கொண்டது. 1990 இல் கொமடோர் 64, டாசு கணினிகளுக்கான பதிப்புகள் வெளியாயின.

இந்தியாவில்

1990களில் இந்திய வீடுகளுக்குப் பேமிகாம் வந்தது பெரும்பாலும் அதன் நகல் பெட்டிகள் வழியாகவே. சாமுராய், மீடியா, லிட்டில் மாசுடர் போன்ற பெயர்களில் இவை விற்கப்பட்டன. தமிழ்நாட்டில் பெட்டியை டிவி கேம் என்றும், ஆட்டப் பேழையைக் கேசட்டு என்றும் அழைத்தனர். பல நூறு ஆட்டங்கள் உள்ளதாக மேலட்டையில் அச்சிட்ட கேசட்டுகளில், உண்மையில் சில ஆட்டங்களே சிறு மாற்றங்களுடன் திரும்பத் திரும்ப வரும்.

இத்தகைய கேசட்டுகளில் எந்த ஆட்டம் இடம்பெறும் என்பதை அதன் அளவும் தீர்மானித்தது. சூப்பர் மாரியோ பிரதர்சின் மொத்த அளவு 40 கிலோபைட்டு. பீரங்கி வண்டிகள் மோதும் பேட்டில் சிட்டி 24 கிலோபைட்டு. காசில்வேனியாவோ 128 கிலோபைட்டு கொண்டது. மேலும் அதன் தரவுகளைப் பகுதி பகுதியாக மாற்றிப் படிக்கக் கேசட்டினுள் கூடுதல் மின்சுற்றும் தேவை. ஆகவே விலை குறைந்த பல்லாட்டக் கேசட்டுகளில் சிறிய ஆட்டங்களை நிரப்புவதே எளிதாக இருந்தது. கொனாமியின் மற்றோர் ஆட்டமான காண்ட்ராவும் இதே அளவுடையது. ஆனால் இருவர் சேர்ந்து ஆடக்கூடிய அது இந்தியாவில் பெரும் புகழ் பெற்றது. ஒருவர் மட்டுமே ஆடக்கூடிய காசில்வேனியாவுக்கு அந்த வாய்ப்பு அமையவில்லை. அண்ணன் தம்பி இருவரும் ஆளுக்கொரு விசைப்பலகையுடன் அமரும் வீட்டில் இது சிறிய வேறுபாடு அன்று.

இங்கு ஆடப்பட்ட ஆட்டம் சப்பானில் ஆடப்பட்டதை முற்றிலும் ஒத்ததும் அன்று. சப்பான், அமெரிக்கத் தொலைக்காட்சிகள் நொடிக்கு ஏறத்தாழ 60 முறை திரையை வரைபவை. இந்தியா பின்பற்றிய பால் முறையில் அது 50 முறை. தொலைக்காட்சி முறைகள் வகுக்கப்பட்டபோது அந்தந்த நாட்டு மின்சாரத்தின் அலைவெண்ணை ஒட்டி இந்த எண் தேர்ந்தெடுக்கப்பட்டது. 1962 இல் மின்னுற்பத்தியைத் தொடங்கிய நெய்வேலி அனல்மின் நிலையம் 50 எர்ட்சு மின்சாரத்தையே தந்தது; இந்திய மின்னிலையங்கள் அனைத்தும் அவ்வாறே தருகின்றன. பெட்டி தன் வேகத்தை மின்கம்பியிலிருந்து நேரடியாகப் பெறுவதில்லை; அதனுள் இருக்கும் படிகமே அதனை வரையறுக்கிறது. எனினும் தொலைக்காட்சிக்கு ஏற்றவாறு பெட்டியும் 50 முறைக்கு அமைக்கப்பட்டது.

பேமிகாம் ஆட்டங்கள் பெரும்பாலும் திரை வரையப்படும் ஒவ்வொரு முறைக்கும் ஒருபடி முன்னேறுபவை. எனவே 60 முறைக்கு எழுதிய ஆட்டத்தை மாற்றாமல் 50 முறைப் பெட்டியில் இட்டால் அது ஆறில் ஐந்து பங்கு வேகத்திலேயே ஓடும். நெய்வேலி நகரியத்திலோ அதற்கு அருகிலுள்ள குள்ளஞ்சாவடியிலோ பால் முறைப் பெட்டி ஒன்றில் காசில்வேனியாவை இயக்கினால், ஒரு நிமிட இசை ஒலித்து முடிய 72 நொடிகள் ஆகும். அரை நொடியில் வந்து மோத வேண்டிய மெதூசாத் தலை வருவதற்கு 0.6 நொடி எடுக்கும். சாவின் கூடம் இங்கு சற்றே இரக்கமுள்ளது எனலாம். ஆனால் வாம்பயர் கில்லரின் துடிப்பு தளர்ந்துவிடும்.

சுரத்தின் உயரம் இதனால் பெரிதாக மாறுவதில்லை என்பது மற்றொரு சுவையான செய்தி. ஒலியின் அதிர்வெண், திரையைச் சாராமல் செயலியின் துடிப்பைச் சார்ந்தது. சப்பானியப் பெட்டியின் செயலி 1.79 மெகாஎர்ட்சிலும், பால் முறைக்கான நகல் பெட்டிகளின் செயலி 1.77 மெகாஎர்ட்சிலும் இயங்குகின்றன. இவ்வேறுபாடு ஏறத்தாழ ஒரு விழுக்காடே என்பதால் காதுக்குத் தெரிவது அரிது. நிண்டெண்டோ ஐரோப்பாவில் விற்ற பெட்டியின் செயலியோ 1.66 மெகாஎர்ட்சு. அதில் மாற்றப்படாத ஆட்டத்தின் இசை வேகம் குறைவதோடு அரைச்சுரத்துக்கும் மேலாகத் தாழ்ந்து ஒலிக்கும். இந்த ஒன்றில் மட்டும் நகல், மூலத்தின் ஐரோப்பிய வடிவத்தைவிட மூலத்துக்கு நெருக்கமாக அமைந்தது.

பின்வந்தவை

இரண்டாம் ஆட்டம் 1987 இலும் மூன்றாம் ஆட்டம் 1989 இலும் வெளியாயின. மூன்றாம் ஆட்டத்தின் சப்பானியப் பதிப்பில் கொனாமியின் சொந்தச் சில்லு ஒன்று கூடுதல் ஒலித்தடங்களைத் தந்தது. 1991 இல் வந்த சூப்பர் காசில்வேனியா 4 முதல் ஆட்டத்தின் கதையையே மீண்டும் எடுத்துக்கொண்டு, சாட்டையை எட்டுத் திசைகளிலும் வீச இடமளித்தது. 1997 இல் வெளியான சிம்பனி ஆப் த நைட், நிலைகளை விடுத்துக் கோட்டை முழுவதையும் சுற்றித் தேடும் முறைக்கு மாறியது. இவ்வகை ஆட்டங்களைக் குறிக்க மெட்ராய்டு என்னும் மற்றோர் ஆட்டத்தின் பெயரையும் காசில்வேனியாவின் பெயரையும் இணைத்து மெட்ராய்டுவேனியா என்னும் சொல் வழங்குகிறது. மூன்றாம் ஆட்டத்தின் கதையைத் தழுவிய அசைபடத் தொடர் ஒன்றை நெட்பிளிக்சு 2017 இல் வெளியிட்டது.

2019 மே மாதத்தில் கொனாமி வெளியிட்ட ஆண்டுநிறைவுத் தொகுப்பில், முதல் ஆட்டம் உட்பட எட்டு ஆட்டங்கள் இடம்பெற்றன. சப்பானியப் பதிப்புகள் பின்னர் ஒரு மேம்படுத்தலின் மூலம் சேர்க்கப்பட்டன. இத்தொகுப்பில் ஆட்டத்தை எந்த இடத்திலும் நிறுத்திச் சேமித்துக்கொள்ளலாம். சாவின் கூடத்துக்குள் நுழையும் முன் சேமித்துவிட்டால், புனித நீரையும் சங்கிலியையும் இழக்காமல் அங்கிருந்தே எத்தனை முறை வேண்டுமானாலும் முயலலாம்.